பெயர் மாற்றப்பட்டுள்ளது

குணசீலன் சார் பலகையில் ‘சம்மதம்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டுத் திரும்பியபோது இலக்கியாவைத்தான் பார்த்தார். அவளைத்தான் பார்த்தாரா, இல்லை அவளுக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. காலையிலிருந்தே அவளுக்கு இப்படித்தான். விடுதி வாசலில் வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார், எதற்குப் பார்த்தார்? மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிற அக்கா “இன்னிக்கு ஏம்மா இப்படி இருக்கே?” என்று கேட்டாள், அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை, கேட்டவள் சும்மா கேட்டாள், அதுவும் இலக்கியாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு வேளாவேளைக்கு ஆள் வேண்டும், யாராக இருந்தாலும் சரி. இது எம்.ஏ. அரசியல் அறிவியல் கடைசிப் பருவம். பாடம் ‘காலநிலை மாற்றத்தின் அரசியல்’. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு, பாதிப் பேருக்குக் கண் சொருகும் நேரம். போளூரில் அப்பா டெப்போவில் கண்டக்டர், மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் “வானிலை சம்பந்தமா” என்று சொல்லிவிடுவார். அத்தை ஒரு தீபாவளிக்கு அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, வடாம் போடலாமா, மழை வருமா என்று கேட்டாள். சிரித்தாள் அப்போது. மழையைப் பற்றி ஒன்றும் தெரியாது அத்தை, மழை பெய்தால் யார் வீட்டில் தண்ணீர் விட வேண்டும் என்று எந்த அறையில் முடிவு செய்கிறார்கள், அதுதான் என் படிப்பு என்று பெருமையாகச் சொன்னாள். இப்போது நினைத்தால் வாயிலேயே ஒன்று வைக்கலாம் போல இருந்தது. சார் சொல்லிக்கொண்டிருந்தார், “ஒரு திட்டத்துக்கு மக்கள் சம்மதிச்சாங்கன்னு அறிக்கையில வருதுன்னா, மக்கள்னா யாரு, சம்மதம்னா என்ன, ரெண்டையும் தனித்தனியா கேக்கணும்.” இலக்கியா குறிப்பெடுப்பதுபோலக் குனிந்துகொண்டாள். பேனா ஒரே இடத்தில் நின்று மை ஊறியது.

காலையில் குப்பத்திலிருந்து தேசம்மா போனில் கூப்பிட்டாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த இலக்கியா வாயில் நுரையோடுதான் பேசினாள். “கண்ணு, என்னிய ஏலத்துல சேத்துக்க மாட்டேன்னுட்டானுங்கோ. நான் கொரல் குடுக்கறேன், ஏலம் வுடறவன் காதுலயே வாங்காம அடுத்த ஆளைப் பாக்கறான். என் கொரலை எட்த்துக்க வேணாம்னு ஊர்ல முடிவாம்.” தள்ளி வைத்துவிட்டார்கள். கரையில் மீன் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்துபோய்த் தெருத்தெருவாக விற்றுப் பிழைக்கிறவளுக்குக் குரல் போய்விட்டால் அடுப்பு போய்விட்டது என்று அர்த்தம். வாயைக் கொப்பளிக்காமல் நின்றுகொண்டிருந்தாள் இலக்கியா. சின்னமேட்டுக்குப்பம் நகரத்துக்கு வடக்கே, பஸ் நிற்குமிடத்திலிருந்து மணலில் நடந்து போகிற ஊர். கடல் வருஷா வருஷம் ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறது என்று கரையோரம் மலைமலையாகக் கல் கொட்டினார்கள், காலநிலைப் பாதுகாப்புத் திட்டம் என்று பலகை வைத்தார்கள். பெண்கள் ஏலம் எடுக்கிற மணலும் கருவாடு காயப்போடுகிற மணலும் கல்லுக்கு அடியில் போய்விட்டன, ஏலம் படகுத்துறைச் சேற்றுக்கு நகர்ந்தது. ஊர் ஒருமனதாகச் சம்மதித்தது என்று திட்ட அறிக்கையில் இருந்தது. அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை, ஊர்த் தலைவரும் அவர் பக்கத்து ஆட்களும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், பொம்பளைங்களுக்குத் தகவலே இல்லை என்று இலக்கியாவிடம் சொன்ன ஒரே ஆள் தேசம்மா. மற்றவர்கள் டீ கொடுத்தார்கள், கருவாடு கொடுத்தார்கள், பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. “உங்க பேரு எங்கயும் வராதுக்கா, நான் பொறுப்பு” என்று சொல்லித்தான் ரெக்கார்டரை வைத்தாள் இலக்கியா. சொன்னபடியே செய்தாள். ஆய்வேட்டில் தேசம்மா மல்லிகா ஆனாள், பக்கத்தில் ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று போட்டாள். குப்பத்தில் மல்லிகா என்று யாரும் இல்லை என்று விசாரித்துக்கொண்டுதான் அந்தப் பெயரையே வைத்தாள். அப்புறம் எப்படி? “யாரோ சொல்லிக்கீறாங்க கண்ணு. நான் பேசினது அப்பிடியே தலைவருக்குத் தெரிஞ்சிகீது.” அந்த ‘யாரோ’தான் காலையிலிருந்து வாட்ச்மேன் முகத்தையும் சாம்பார் அக்கா முகத்தையும் போட்டுக்கொண்டு அலைந்தது. இப்போது குணசீலன் சார் முகத்தில் வந்து நின்றது.

நிற்காதா பின்னே? போன மாதம் அவர்தான் கேட்டார், “ரெக்கார்டிங் எல்லாம் டிபார்ட்மென்ட் சிஸ்டத்துல ஒரு காப்பி போட்டுடும்மா. நாளைக்கு யாராவது ஆதாரம் கேட்டா நம்மகிட்ட இருக்கணும்.” அந்த சிஸ்டத்தின் பாஸ்வேர்டு மானிட்டரிலேயே சீட்டில் ஒட்டியிருக்கும், டீ வாங்கப் போகிறவனுக்குக்கூடத் தெரியும். அவள் போட்டாள். போட்டுவிட்டு நன்றியுணர்ச்சியோடு வேறு வந்தாள், சார் நம் ஆய்வை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார் என்று. சார் அரசாங்கத்தின் கடலோர நிபுணர் குழுவில் இருக்கிறார். நாற்காலிக்குப் பின்னால் போட்டோ மாட்டியிருக்கிறார், பெரிய மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் யார் யார்? கல் கொட்டின கம்பெனிக்காரன் இருந்திருப்பான். இடைவேளையில் முந்திரி கொறித்துக்கொண்டே, சார் உங்க ஸ்டூடன்ட் ஒருத்தி நம்ம ஏரியாவுலதான் சுத்தறாளாமே என்று கேட்டிருப்பான். சாரும் நல்ல மனுஷராக, நல்ல மனுஷர்தான், அதில் சந்தேகமில்லை, சந்தேகமில்லை என்று நினைத்ததுமே சந்தேகம் வந்தது, நல்ல மனுஷராக ஒரு சிரிப்புச் சிரித்து, “சம்மதமே இல்லைன்னு ஒரு அம்மா சொல்லுது” என்று சொல்லியிருப்பார். ஒரு அம்மா. அவ்வளவு போதாதா? சார் கெட்டவராக இருந்தால் வசதியாகப் போயிருக்கும். அவளுக்கு லைப்ரரி டெபாசிட்டைத் தன் பையிலிருந்து கட்டினார், அப்பாவுக்குக் கால் உடைந்தபோது ஊருக்குப் போ, வருகைப் பதிவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இப்படியெல்லாம் செய்கிறவர் ஏன் செய்கிறார் என்று மனம் அதையும் தோண்டியது. எதற்காவது செய்திருப்பார். எல்லாரும் எதற்காவதுதான் செய்கிறார்கள், அதைத்தானே இரண்டு வருஷமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எந்த நல்ல அறிக்கையைப் பார்த்தாலும் இதனால் யாருக்கு லாபம் என்று முதலில் கேள் என்றுதானே பழக்கினார்கள். பழகிக்கொண்டாள். அந்தக் கேள்வி இப்போது சொல்பேச்சுக் கேட்காமல் கண்டவர்களைக் கடிக்கிறது.

இரண்டாவது வரிசையில் ஹர்ஷா கை தூக்கினான். தூக்கும்போதே வாட்ச் பளிச்சென்றது. “சார், ஆனா எல்லார்கிட்டயும் போய் தனித்தனியா சம்மதம் வாங்கினா எந்தத் திட்டமும் நடக்காதே. கடல் வெயிட் பண்ணுமா?” வகுப்பு சிரித்தது. இவன்தான், என்று இலக்கியாவுக்கு உடம்பே சொன்னது, பிடரியில் சூடு ஏறிச் சொன்னது. கோடை விடுமுறையில் இவன் வேலை பழகப் போன ஆலோசனை நிறுவனம்தான் அந்த ‘ஒருமனதாக’ அறிக்கையைத் தயார் செய்தது. அதை அவனே சொன்னான், கேன்டீனில், சமோசாவைப் பிட்டுக்கொண்டே, ஏதோ பெரியப்பா வீட்டுக்குப் போய்வந்ததுபோலச் சொன்னான். “எந்தக் குப்பம்னு சொல்லவே மாட்டேங்கறியே, இலக்கி?” என்று இரண்டு தடவை கேட்டான். ஒரு தடவை கேட்டால் ஆசை, இரண்டு தடவை கேட்டால் வேலை. அவள் சொல்லவில்லை. சொல்லவில்லையா? அவன் பென்டிரைவ் வாங்கிக்கொண்டு போனானே ஒரு நாள், அதில் என்ன இருந்தது? பருவத் தேர்வுப் பழைய கேள்விகள் மட்டும்தான் இருந்தன. மட்டும்தானா? நினைவைப் பிடித்து உலுக்கினாள், அது ஒன்றும் உதிர்க்கவில்லை, உதிர்க்காததே ஆதாரம் போல இருந்தது. அவன் பேசும்போது அவள் பக்கம் திரும்பாமல் பேசினான், குற்றமுள்ள நெஞ்சு. அடுத்த நிமிஷம் திரும்பிச் சிரித்தான், எவ்வளவு தைரியம். இப்படி அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டிக்கொண்டான், பாவம், அவனுக்குத் தெரியாமலே ஒரு வழக்கு நடந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டுவிட வேண்டும். எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும். “ஒருத்தி பொழப்புல மண்ணைப் போட்டுட்டு எப்படிடா உனக்குச் சமோசா இறங்குது?” வாக்கியத்தை மனதுக்குள் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு விதத்திலும் தான் நேர்மையாகவும் கம்பீரமாகவும் இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததைக் கவனித்தாள். கவனித்ததைத் தள்ளிவிட்டு ஐந்தாவது விதத்தைச் சொல்லிப் பார்த்தாள்.

“கடல் வெயிட் பண்ணுமான்னு ஹர்ஷா கேக்கறான்” என்றார் சார், இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு. “இதுக்கு இலக்கியா ஃபீல்டுல ஒரு அம்மா பதில் சொல்லியிருக்காங்க. இந்தப் படிப்புல நான் கேட்ட நல்ல பதில் அதுதான். சொல்லும்மா அந்த வரியை.” எல்லாத் தலையும் திரும்பியது. அவள் எழுந்து நின்றாள். அவள் தடுமாறுவதைப் பார்த்து ஹர்ஷாதான் சொன்னான், கேலி இல்லை, அவனுக்கு அந்த வரி நிஜமாகவே பிடிக்கும், குப்பத்துப் பேச்சைப் பேச முயன்று நாக்கு சுளுக்கச் சொன்னான். “கடலு உள்ள வர்றதுன்னா வாசல்ல நின்னு ரெண்டு தபா கொரல் குடுத்துட்டுத்தான் வரும். இந்தக் கல்லு அப்பிடியா? நாம தூங்கிக்கினு இருந்தப்போ வந்து குந்திக்கிச்சு.” சபாஷ் என்று யாரோ மேசையைத் தட்டினார்கள். வகுப்பில் எல்லாருக்கும் அந்த வரி மனப்பாடம். போன வாரம் துறைக் கருத்தரங்கில் இலக்கியாவின் போஸ்டரில் அதுதான் தலைப்பு, இத்தனை பெரிய எழுத்தில், நீல நிறத்தில். பரிசும் வாங்கியது. கீழே பொடியாக, மல்லிகா, பெயர் மாற்றப்பட்டுள்ளது. உட்காரச் சொல்லாமலே அவள் உட்கார்ந்தாள். ஹர்ஷாவின் நாக்கில் சுளுக்கிக்கொண்டு வந்த அந்த வரி, அவன் வாயிலிருந்து கிளம்பி வகுப்பைச் சுற்றி அவளிடம் வருவதற்குள் தன் சொந்தக் குரலை எடுத்துக்கொண்டுவிட்டது. தேசம்மா பேசுகிற மாதிரி உலகத்தில் வேறு யார் பேசுவார்கள்? அவளுக்கு எல்லாமே வாசலில் வந்து நிற்கும். கரன்ட் போனால் “சொல்லிக்காம பூட்ச்சு பாரு மரியாத கெட்டது” என்பாள். காய்ச்சல் வந்தால் “வந்தவரு ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போவாரு” என்பாள். முதல் நாள் அந்தத் தெருவில் நடந்தபோது ஒரு பையனிடம் வழி கேட்டாள் இலக்கியா, அவன் “மரியாத அக்கா வூடா?” என்று கேட்டான். அந்த ஊரில் பாதிப் பேருக்கு அவள் தேசம்மா என்பதே மறந்துபோயிருந்தது. இவள் அந்தப் பெயரைத்தான் பத்திரமாக மூடி வைத்தாள்.

வகுப்பில் பேச்சு எங்கேயோ போய்விட்டது, தீவு நாடுகள், இழப்பீடு, வெளிநாட்டு மாநாட்டில் விடிய விடிய உட்கார்ந்து ஒரு சொல்லைத் திருத்தியது. போஸ்டர் கல்லூரிச் சுவரில்தானே தொங்கியது என்று மனம் கடைசியாக ஒரு வக்கீல் வைத்துப் பார்த்தது. குப்பத்துக்காரர் யார் இங்கே வந்து பார்க்கப் போகிறார்கள்? பார்க்க அவர்கள் வர வேண்டியதில்லை. பரிசு கிடைத்த அன்று, போஸ்டருக்குப் பக்கத்தில் நின்று, கழுத்தைச் சாய்த்து, பல் தெரியச் சிரித்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். கள ஆய்வுக்குப் போனபோது மாய்ந்து மாய்ந்து சேமித்த நம்பர்கள் எல்லாம் அந்த போனில்தான் இருந்தன, குப்பம் சங்கம், குப்பம் ஐஸ் கடை, குப்பம் தலைவர். யார் யார் பார்த்தார்கள் என்று அன்று ராத்திரி அவளே தடவித் தடவிப் பார்த்தாள். குப்பம் தலைவர் பார்த்திருந்தார். ஒரு கும்பிடு வேறு போட்டிருந்தார், ‘வாழ்த்துக்கள் மா’ என்று. அதை அவள் சாருக்குக் காட்டினாள், பாருங்க சார், ஊர்க்காரங்களே பாராட்டறாங்க என்று. சார் சந்தோஷப்பட்டார். அவருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் இவர்கள் படித்த புத்தகத்தில் பெயரை மாற்று என்று இருந்தது, ஊர்ப் பெயரை மாற்று என்று இருந்தது, பேச்சை மட்டும் சிந்தாமல் சிதறாமல் அப்படியே எடுத்துப் போடு, அதுதான் அந்த மனிதருக்கு நீ செய்யும் மரியாதை என்று இருந்தது. கும்பிடு போட்ட கையோடு தலைவர் ஊரைக் கூட்டியிருப்பார். இலக்கியாவுக்கு அழுகை வரவில்லை, வெட்கம் வந்தது, சட்டையில்லாமல் நிற்கிற வெட்கம். ஹர்ஷாவின் முதுகைப் பார்த்தாள். அது வெறும் முதுகாக இருந்தது, சட்டையில் தையல் கொஞ்சம் பிரிந்திருந்தது. அவன்தான் செய்தான் என்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் ஏங்கினாள். யாருக்கும் தெரியப் போவதில்லை, என்று அதே மனம் இப்போது வேறு குரலில் ஆரம்பித்தது, தேசம்மாவிடம் ஆன்டிராய்டு போன் கிடையாது, அவள் ஸ்டேட்டஸ் பார்க்கிறவள் இல்லை. அடுத்த வாரம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். பையில் போன் அதிர்ந்தது. ‘தேசம்மா அக்கா’. சாரிடம் கேட்காமலே எழுந்து வெளியே போனாள்.

தாழ்வாரத்தில் வெயில் அடித்தது. “கண்ணு, படிப்புல கீறியா? நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத, ஆளைக் கண்டுபுட்ச்சுட்டேன்” என்றாள் தேசம்மா. மூச்சிரைத்தது, நடந்துகொண்டே பேசினாள் போல. “என் ஓர்ப்படிதான், கொழுந்தன் பொண்டாட்டி. செல்வராணி. நீ வந்து பேசிக்கினு இருந்தப்போ அவதான் உள்ள காய் அரிஞ்சிக்கினு இருந்தா, ஞாபகம் கீதா? வேற யாரு சொல்லுவா? நட்டநடுத் தெருவுல நிக்க வெச்சுக் கேட்டுட்டேன். அவ புள்ளைங்க என் வூட்லதான் துன்னுக்கினு இருந்துச்சுங்கோ, இனிமே இந்தப் படி ஏறாதீங்கன்னுட்டேன். அழுவுறா, நடிக்கிறா.” தேசம்மா நிறுத்தவில்லை. “உன் பேர்ல ஒரு சொல்லு வரக்கூடாதுன்னு கெட்டியா இருந்தேன் கண்ணு. இப்பதான் தலைவரு கூப்ட்டு, அந்தக் காலேஜுப் பொண்ணுகிட்ட இன்னா பேசினன்னு கேட்டாரு. நான் அதுகிட்ட பேசவே இல்லன்னு அம்மன் முன்னால கற்பூரம் அட்ச்சு சத்தியம் பண்ணிட்டேன். போவட்டும், நீ நல்லா படிச்சு வா.” சும்மா இருந்துவிடலாம். “சரிக்கா” என்று ஒரு வார்த்தை போதும், செல்வராணியை இலக்கியாவுக்கு அவ்வளவாகத் தெரியாது, அரிந்த வெண்டைக்காயும் வளையல் சத்தமும்தான் ஞாபகம். அந்த வளையல் சத்தம்தான் தாங்க முடியவில்லை.

“அக்கா, செல்வராணி அக்கா இல்ல. நான்தான்.” சொல்லிவிட்டுத் திணறித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள், பரிசை, போட்டோவை, கும்பிடை. அந்தப் பக்கம் மூச்சிரைப்பு அடங்கியது, தேசம்மா நடப்பதை நிறுத்திவிட்டாள்.

“இத்த வேற யார்கிட்டன்னா சொன்னியா?”

“இல்லக்கா. நானே ஊருக்கு வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன். தலைவர்கிட்டயும் சொல்றேன்.”

“வராத. சத்தியம் பண்ணிக்கீறேன். நீ வந்து நின்னா அம்மன் முன்னால பொய் சொன்னவன்னு அதுக்கு வேற ஊரை வுட்டே தள்ளி வெப்பானுங்கோ.”

“அப்போ செல்வராணி அக்கா?”

“அவ கால்ல நான் வுழுந்துக்கறேன். இன்னா காரணம்னு அவளுக்கும் சொல்ல முடியாது. அத்த நான் பாத்துக்கறேன்.” பிறகு, கோபமே இல்லாமல், விலை கேட்கிற குரலில் கேட்டாள். “உன் புஸ்தகத்துல நான் இன்னும் கீறேனா?”

“பேரை மாத்தித்தான்கா போட்டிருக்கேன். மல்லிகான்னு.”

“பேரை வுடு. அது இருந்தா இன்னா, போனா இன்னா. என்னிய எட்த்துடு.”

மூன்று அத்தியாயம். இரண்டு வருஷம். தேசம்மாவை எடுத்துவிட்டால் ஊர் ஒருமனதாகச் சம்மதித்தது என்ற அறிக்கைதான் அதில் மிஞ்சும். உள்ளே சார் யாரையோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

“எட்த்துடுவியா?” என்றாள் தேசம்மா மறுபடியும்.

“எடுத்துடறேன்கா” என்றாள் இலக்கியா. அவள் சொன்னதைத் தேசம்மா நம்பினாளா என்று தெரியவில்லை, அதற்குள் போன் வைக்கப்பட்டிருந்தது.